ஒரு தடவை கேட்கிற இடம்

“போதும்மா” என்றேன்.

அந்தப் பெண் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

தட்டுக்கு மேலே மறித்து வைத்த என் கை அப்படியே நின்றது. ஓர் இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். “ஒண்ணே ஒண்ணு வெச்சுக்குங்க” என்று அவள் திரும்ப வருவாள். நான் “ஐயோ, வேணாம்மா” என்பேன். “இத்துனூண்டு இட்லிதானே” என்பாள். அப்போது கையை மெதுவாக விலக்கிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் மனிதன் சாப்பிடுவது இப்படித்தான். அவள் வரிசையின் கடைசி வரைக்கும் போனாள். பாத்திரத்தை மூடினாள். உள்ளே போய்விட்டாள்.

“அவ்ளோதான் தம்பி. கைய எடுத்துடுங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எடுத்தேன்.

சிதம்பரத்துக்கு வெளியே, வயலை மனையாக்கி விற்ற இடத்தில் இருக்கிற முதியோர் இல்லம் அது. எனக்கு அறுபத்திரண்டு வயது. நான் அங்கே சேர வந்தவன் இல்லை. சோதிக்க வந்தவன். நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டையில் குத்தூசியைச் செருகி உருவினால் உள்ளங்கையில் ஒரு பிடி நெல் விழும். அதைப் பார்த்து ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். சொல்கிற வரைக்கும் விவசாயிகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் என் முகத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

வீட்டில் எல்லோரும் பார்ப்பது என் மாமனாரின் முகத்தை. கடலூர் முதுநகரில் தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஐஸ் பேக்டரியில் மெஷின் பக்கத்திலேயே ஆயுள் முழுக்க நின்றவர். காது போய்விட்டது. அவர் டிவி பார்த்தால் அடுத்த தெருவுக்குச் செய்தி தெரிந்துவிடும். நான் கொஞ்சம் படுத்தால், “டேய் மாப்ள, ரிட்டயர் ஆனா இன்னாடா, எந்திரிச்சு ஒரு வேல பாக்கக் கூடாதா?” என்பார். அதுவும் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும்.

வெளியில் பெண் எடுத்தவன் மாமனாரைப் பற்றிப் புலம்ப அம்மாவிடம் போகலாம். என் மாமனார் என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், எனக்குத் தாய்மாமா. நான் எங்கே போவது?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அவர் சாப்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவி வெண்மதி “இன்னொரு தோச வெக்கட்டாப்பா?” என்று கேட்டால் “வேணாம்” என்பார். மறுபடி கேட்டாலும் “வேணாம்”தான். மூன்றாவது தடவை அவள் கெஞ்சினால் தட்டை அவள் பக்கம் நகர்த்துவார். ஒவ்வொரு தோசைக்கும் இந்தப் பேச்சுவார்த்தை முடிந்து என் முறை வரும்போது சட்னி தீர்ந்திருக்கும்.

ஒரு நாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு இல்லத்தைப் பற்றிச் சொன்னேன்.

“நர்சு இருக்கு. டாக்டர் வர்றாரு. மாடியிலேருந்து பாத்தா கோபுரம் தெரியுமாம் வெண்மதி.”

“தெரியட்டும். நீங்க போய் மூணு நாள் தங்கிட்டு வாங்க மாமா.”

“நானா?”

“தங்கிப் பாத்துட்டு சேரலாம்னு அவுங்களே சொல்றாங்கல்ல? மூட்டைய பாக்காம முத்திர குத்திடுவீங்களா நீங்க?”

“அது இல்ல...”

“நீங்க வந்து நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நானே அப்பாவ கூட்டிம்போய் விட்டுட்டு வரேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

அழுவாள், ஆறு மாதம் பேசாமல் இருப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். இவ்வளவு சுலபமாக ஜெயித்தவன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பை எடுத்து வைத்தேன். ஊருக்குக் கிளம்பினால் பையில் முறுக்காவது வைப்பாள். இந்தத் தடவை வைக்கவில்லை. கேட்டேன்.

“அங்கதான் நல்லா போடுவாங்களே” என்றாள்.

இல்லத்தை நான் நெல்லைப் பார்ப்பது போலவே பார்த்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. தரை வழுக்கவில்லை. படுக்கை விரிப்பில் சோப்பு வாசனை. மாத்திரைகள் வேளைக்கு வந்தன. யாரும் யாரையும் அதட்டவில்லை. எல்லோரையும் ‘தாத்தா’ என்றார்கள், என்னையும் சேர்த்து. மாடிக் கதவு மட்டும் பூட்டியிருந்தது. கோபுரம் பார்க்கப் போன ஒருவருக்குத் தலை சுற்றியதால் பூட்டிவிட்டார்களாம்.

முதல் நாள் என்னைக் கையை எடுக்கச் சொன்னவர்தான் என் அறையில் இன்னொரு கட்டிலில் இருந்தவர். ராஜவேல். சிதம்பரத்திலேயே லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர்.

“இங்க கவனிப்பு எப்படிங்க?” என்று கேட்டேன்.

“ரொம்ப ஜாஸ்தி. நா தூங்கறனான்னு டார்ச் அடிச்சுப் பாக்கறாங்க. அதுல முழிச்சுக்குவேன்.”

“சாப்பாடு?”

“நல்லா இருக்கும். கெடச்சா.”

“புரியலீங்க.”

“ஒரு தடவதான் கேப்பாங்க தம்பி. கேட்டவொடனே போடுன்னு சொல்லிடணும். எனக்கு அது பழக ரொம்ப நாளாச்சு. கல்யாணப் பந்தில, சம்பந்தி வீட்டுல, எங்கயாவது நா வாயத் தெறந்து போடுன்னு கேட்டிருக்கனா? மொத மொதல்ல கேட்டப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு காலியாக இருந்ததால் சத்தம் பெரிதாக வந்தது.

மறுநாள் மதியம் மேசையின் கோடியில் இருந்தவரைக் கவனித்தேன். சட்டை அவர் மேல் மாட்டி வைத்தது போல் தொங்கியது. பெயர் இளவரசு என்றும், புவனகிரிப் பக்கம் நிலம் நீச்சோடு இருந்தவர் என்றும் ராஜவேல் சொன்னார்.

“அவுரு ஊர் பந்தில குந்துனா ரெண்டு ஆளு நின்னு உபசாரம் பண்ணுவாங்க. இங்க வந்து எளச்சு பாதியா பூட்டாரு.”

“வீட்டுல யாரும் கேக்கலியா?”

“பையன் போன் பண்ணுவான். ‘சாப்பிட்டியாப்பா’ம்பான். சாப்பிட்டேன்னுவாரு. மூணு தடவ கேட்டாத்தானே நெசத்த சொல்லுவாரு?”

சோற்றுப் பாத்திரம் வந்தது. “இன்னும் கொஞ்சம் தாத்தா?” இளவரசு ஐந்து விரலையும் விரித்து, வேண்டாம் என்று கௌரவமாகத் தலையசைத்தார். பாத்திரம் நகர்ந்தது.

“இன்னொரு தடவ கேளும்மா” என்றேன்.

“கேட்டனே தாத்தா. வேணாம்னாரே.”

பொறுப்பாளர் பிரிசில்லா என்ற பெண். நல்ல பெண், தூக்கமில்லாத முகம். அவள் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைக் கேட்டேன்.

“வேணாம்னு சொன்னா வற்புறுத்தக் கூடாது சார். ட்ரெய்னிங்ல மொத பாடமே அதான். பெரியவங்க விருப்பத்த மதிக்கணும்.”

“அவுரு விருப்பம் அது இல்லம்மா.”

“அவுரு வாயாலயே சொல்றாரே சார்.”

“எங்க ஊர்ல வேணாம்னா...” என்று ஆரம்பித்தேன். மேலே எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான், எந்த ஊர் என்று கேட்டதற்குப் பரங்கிப்பேட்டை என்றாள். “எங்க வீட்டுல நானே மூணு தடவ கேப்பேன் சார். இங்க அப்படி ஊட்டப் போயி, ஒருத்தருக்குப் பொரையேறி, அவுங்க பொண்ணு வந்து சண்ட போட்டுட்டாங்க” என்றாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு நானே இளவரசின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஐயா, இன்னொரு தோச வெச்சுக்குங்க.”

“வேணாம் தம்பி.”

“சும்மா வெச்சுக்குங்க.”

“ஐயோ, போதும் போதும்.”

“நா சொல்றேன்ல. எனக்காக ஒண்ணு.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னவென்று சொல்வது, எனக்குத் தெரியவில்லை. கையை மெதுவாகத் தட்டிலிருந்து விலக்கினார்.

திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் உள்ளே போயிருந்தது. சமையல்காரர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம், அடுப்பையும் அணைத்துவிட்டார்கள். இளவரசு காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதைக் கழுவி வைத்தார்.

கிளம்புகிற அன்று காலையில் “போடும்மா” என்று நானே கேட்டு நான்கு இட்லி சாப்பிட்டேன். முதலில் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினேன். மாமா அங்கே போனால் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரியும். போகாவிட்டால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும். புதுச்சத்திரம் வரைக்கும் இரண்டு பக்கமும் வாதாடினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது என் பக்கம் ஜெயித்துவிட்டது. முதல் தரம். கம்பி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். பெரிய மனிதர், மெதுவாகப் பழகிக்கொள்வார். நான் பழகவில்லையா?

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். டிவி ஓடவில்லை. வெண்மதி தோசைக் கல்லின் முன்னால் நின்றிருந்தாள்.

“வாங்க. கை கழுவிட்டு குந்துங்க. எப்படி இருக்கு?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“அப்படியா?”

“அப்படி ஒரு சுத்தம். வழுக்காத டைல்ஸ். நர்சு ‘தாத்தா தாத்தா’ன்னு உசுர விடுது. பெட்ஷீட் நம்ம வீட்டுல கூட அப்படி இருக்காது.”

“சாப்பாடு?”

“கல்யாணச் சாப்பாடுதான். போதும் போதும்னாலும் உட மாட்டேங்கறாங்க.”

அவள் என் தட்டில் ஒரு தோசையைப் போட்டாள். நான் அதை முடித்தேன்.

“இன்னொன்னு வெ...”

“வை” என்றேன்.

அவள் கையில் தோசைத்திருப்பி அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தோசையை வைத்தாள். நின்று என் முகத்தைப் பார்த்தாள். கொள்முதல் நிலையத்தில் நான் நெல்லைப் பார்த்த மாதிரி பார்த்தாள்.

“இன்னும்?”

“வேணாம்” என்றேன் அவசரமாக.

“சாயங்காலம் என்ன குடுத்தாங்க?”

“சாயங்காலம் பஸ்ல இருந்தேன்.”

“நேத்து?”

“நேத்து சுண்டல்.”

“எத்தன தடவ கேட்டாங்க மாமா?”

நான் சட்னியைத் தொட்டுக்கொண்டேன். பொய் சொல்ல நல்ல இடம் அது. ஆனால் வாயில் தோசை இருந்தது.

“கன்னம் ஒட்டிப் போச்சு” என்றாள். “உங்களுக்கே மூணு நாள்ல இப்படின்னா.”

“அது இல்ல வெண்மதி, சொல்றத கேளு...”

உள்ளே தடி தட்டுகிற சத்தம் கேட்டது. மாமா வந்தார், எங்கள் படுக்கையறையிலிருந்து. கட்டிலில் அவருடைய தலையணை கிடந்ததைக் கதவு வழியே பார்த்தேன். என் தலையணை ஹாலில் சுருட்டிய பாயின் மேல் இருந்தது.

“அப்பாவுக்குப் பாத்ரூம் கிட்டக்க இருக்கட்டுமேன்னு மாத்திட்டேன்” என்றாள் வெண்மதி.

மாமா பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் தூக்கிய கை. இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.

“வந்துட்டியாடா மாப்ள!” என்று கத்தினார். “உன்னக் கொண்டுபோய் ஹோம்ல சேக்கப் போறேன், எடம் பாக்க அனுப்பிச்சிருக்கேன்னு சொல்றாடா இவ! விட்டுடுவனா நானு?”

நான் வெண்மதியைப் பார்த்தேன். அவள் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“என் தங்கச்சி புள்ளடா நீ! சம்பாத்தியம் நின்னு போச்சுன்னா வெளிய தள்ளிடறதா? சத்தம் போட்டுட்டேன். கால்ல உழாத கொறையா கேட்டுக்கிட்டேன். இருந்துட்டுப் போறான் பாவம், ஒரு மூலைல கெடக்கட்டும்னு. சரின்னுட்டா.”

உங்களுக்காகத்தான் போய்ப் பார்த்தேன் என்று சொல்லலாம். அது அவர் காதில் விழ வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். எதிர்வீட்டு கலைமணி வாசலிலேயே நின்றிருந்தார்.

“நா உசுரோட இருக்கற வரைக்கும் உன்ன இந்த வீட்ட விட்டு யாரும் அனுப்ப முடியாது” என்றார் மாமா. “தைரியமா சாப்பிடு.”

அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெண்மதி எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். இந்தத் தடவை கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். படுக்கையறை வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது. ஒன்று குப்புறக் கவிழ்ந்திருந்தது. காலால் அதை நிமிர்த்தி, மற்றதன் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுப் பாயை விரிக்கப் போனேன்.