ஆனியில் வாங்கிய யூனிட்

ஒரே ஒரு வருட விலையைப் பார்த்துவிட்டு யோசனை சொல்கிறவனை, பெண் இருக்கும் வீட்டுப் பக்கமே விடக்கூடாது. எழுபதுகளில் என்னை விட்டார்கள்.

நல்லேப்பிள்ளியில் என் தாய்மாமனுக்கு நெல்வயல். அவர் மகள் சரசு. அவளை எனக்குத்தான் தரவேண்டும் என்று என் அம்மா அவ்வப்போது தன் தம்பி காதில் போட்டுவந்தாள். நானோ பி.காம். முடித்துவிட்டு, சரசு எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் (முழுநேர வேலைதான், சம்பளம் கிடையாது).

நெல் விற்ற பணத்தை என்ன செய்யலாம் என்று மாமா ஒருநாள் கேட்டார். பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போட்டு லாபத்தைப் பிரித்துத் தரும் யூனிட் திட்டத்தைச் சொன்னேன். வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றி, அவர் கொட்டாவி விடும்வரை பேசினேன். வாசகசாலைப் பத்திரிகைகளில் யூனிட் விலையைத் தேடி எடுத்து, கிராஃப் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். ஆகஸ்டிலிருந்து மே வரை மாதாமாதம் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வருடங்களைப் புரட்டச் சோம்பல். மோர் கொண்டுவந்த சரசு எட்டிப் பார்த்தாள். நான் தாளை மாமாவிடமிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஆடி பிறந்தால் நல்ல காரியம் தொடங்கமாட்டோமே என்று மாமா தயங்கினார்.

“அதுக்குள்ள, ஆனி வளர்பிறையிலயே போட்றலாமுங்க மாமா” என்றேன்.

ஜூன் கடைசியில் நாள் பார்த்து, சாமி கும்பிட்டுப் பணத்தைப் போட்டார். ஜூலை முதல் வாரம் விலை இறங்கிவிட்டது. வருட லாபத்தைப் பிரித்ததும் ஒவ்வொரு ஜூலையிலும் அப்படித்தான் இறங்கும், ஜூன் கடைசியில் யூனிட் வைத்திருந்தவருக்கு, பிறகு விற்றாலும், அந்த லாபம் செக்காகத் தபாலில் வரும் என்பதெல்லாம் இந்த நிபுணனுக்குத் தெரியாது. ஓடிப்போய், உடனே விற்றுவிடச் சொல்லிப் பதறினேன். மாமா போய் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வந்தார்.

“எம்பட பணத்தையே நாலு நாள் காப்பாத்தத் தெரியல. எம்பட புள்ளைய எப்படி மாப்ள காப்பாத்துவ?”

சரசு கதவோரம் நின்றிருந்தாள். மறுநாளே கோயமுத்தூர் பஸ் ஏறி, ஒரு மில்லில் குமாஸ்தாவானேன். வெட்கத்தில் தீபாவளிக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. தை மாதம் அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எதற்கு நாள் குறித்தாலும் முதலில் என்னைக் கேட்பார்கள். பிறகு அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். சரசுவின் பேரன் காதுகுத்திலும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போனார்கள். சரசு மட்டும் நின்றாள்.

“ஆடி முடியறதுக்குள்ள அந்தச் செக்கு வந்துருச்சுங்க. அப்பா சிரிச்சுட்டாரு. மாப்ள வரட்டும், நாள் குறிச்சறலாமுன்னாரு. தீவாளி வரைக்கும் உங்களப் பாத்துட்டே இருந்தேனுங்க.”

அவளை நான் மறந்த நாளில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டாள். பந்தியில் என் பக்கத்து இலை அவள் கணவருக்கு. மிக நல்ல மனிதர். ஏதாவது யூனிட் வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.