ஆமாம் சொல்லிவிடாதீர்கள், மச்சான்

ஹாலின்ஷா,
செவ்வாய்க்கிழமை, தூறல்.

ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்த வீட்டில் வசிக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் அர்னால்டு அவர்களுக்கு, தங்கள் தங்கை வின்னியின் கணவன் பெர்சி பணிவோடு எழுதிக்கொள்வது. தங்கள் முட்டிவலியும் தங்கள் ரோஜாச் செடிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இங்கே நான் நலம். வின்னியும் நலம் என்று இன்று காலையிலிருந்துதான் என்னால் தைரியமாக எழுத முடிகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தாங்கள் இங்கே வருவதற்குள் இது வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்கு இலையுதிர் காலத்தில் மிஸஸ் பார்ஃபிட் என்று ஒரு விதவை குடிவந்ததைப் பற்றி வின்னி எழுதியிருப்பாள். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறக் கையுறை, நல்ல மரியாதையான பெண்மணி. வந்த முதல் வாரம், நான் டீக்கோப்பையோடு பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கெட்டிலிலிருந்து ஊற்றிய டீ, ஆவி என் மூக்குக் கண்ணாடியை மூடியிருந்தது. அந்த அம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, டீ ஆறிப்போயிடுச்சு இல்லையா என்று கேட்டார். நம்ம ஊரில் ஒருத்தர் 'இல்லையா' என்று முடித்தால் பதில் ஒன்றுதானே, மச்சான்? கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு வெயில் வந்துடுச்சு இல்லையா என்று கேட்டாலும், ஆமாங்க, நல்லாவே வந்துடுச்சு என்று சொல்லிவிட்டுத்தானே குடையை விரிப்போம்? அதிலும் நான் முப்பது வருஷம் தொப்பிக்கடையில் நின்றவன். பூசணிக்காய்த் தலையர்களெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று, எனக்கு எடுப்பா இருக்கு இல்லையா என்று கேட்கும்போது ஆமாம் சொல்லியே சோறு தின்றவன். ஆமாம்மா, ஆறித்தான் போச்சு என்றேன். ஒரு வாய் குடித்தேன். சில்லென்று இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

முதலில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பேச்சு வழக்கு தங்களுக்குத் தெரியாததா? இங்கே எதையும் யாரும் கெடுப்பதில்லை, உடைப்பதில்லை. பால் புளித்துப்போகும், பல்பு போய்விடும், ரொட்டி காய்ந்துபோகும், உங்கள் மாமா சைரில் பைத்தியமாகிப் போனார், எல்லாம் தன்பாட்டுக்கு நடந்ததாகத்தான் சொல்வோம். அப்படியே பழகிவிட்டதால் அந்த அம்மாள் சொல்வதும் காதில் உறுத்தவில்லை. பால்காரன் ரெஜி பாட்டிலை வாசலில் வைத்துக் கைகூட எடுக்கவில்லை, அதற்குள் அந்த அம்மாள், பால் கெட்டுப்போச்சு இல்லையா என்றார். ரெஜி தொப்பியைக் கழற்றி, ஆமாம்மா என்றான். பாட்டிலுக்குள் பால் கட்டிகட்டியாகத் திரிந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். என் தோட்டத்து ருபார்ப் கீரைத்தண்டு முற்றிப்போச்சு இல்லையா என்றார், ஆமாம் என்றேன், விறகு மாதிரி ஆகிவிட்டது. நம் நாய் டஃபிக்குக் காது மந்தமாகிப் போச்சு இல்லையா என்று வின்னியிடம் கேட்டார், இவளும் அப்படித்தான் தோணுதுங்க என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அந்த நாய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பாதிரியாருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு இல்லையா என்று கோயில் வாசலில் கேட்க, நாலு பேர் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள். அந்த வாரமே பாதிரியார் கல்யாண ஜோடியை நிற்கவைத்து அடக்க ஜெபத்தைப் படித்தார். பெண்ணின் அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, எதிர்த்துப் பேசினால் நன்றாகவா இருக்கும்? மண்ணுக்கு மண் என்று அவர் முடித்ததும் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு விருந்துக்குப் போனோம்.

எனக்குப் பொறி தட்டியது கறிக்கடையில். அந்தக் கடைக்காரர் முரடர் என்பது ஊருக்கே தெரியும், லண்டன் பக்கத்து ஆள், மரியாதை போதாது. அந்த அம்மாள் மாட்டுக்கறியைப் பார்த்து, வாடை வந்துடுச்சு இல்லையா என்றார். அதெல்லாம் ஒண்ணும் வரல, வேணும்னா வாங்கு இல்லேன்னா நடையக் கட்டு என்றார் அவர். வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் மச்சான், கறி கெடவில்லை. நான்தான் அதை வாங்கினேன், அவ்வளவு நல்ல கறி அந்த மாதம் முழுவதும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து கவனித்தேன். அந்த அம்மாள் 'இல்லையா' என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். கண் இமைக்காது. பதில் வரும்வரை ஒன்றும் ஆகாது. நாம் ஆமாம் என்றதும் ஏதோ சாப்பிட்ட மாதிரி ஒரு தடவை விழுங்குவார். அவர் தனியாக ஒன்றும் செய்வதில்லை. பாதி வேலையைத்தான் அவர் செய்கிறார், மீதியை நம் மரியாதை செய்துவைக்கிறது.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் நான் செய்த காரியத்தைச் சொல்ல நாக் கூசுகிறது. போன வாரம் வின்னி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மிஸஸ் பார்ஃபிட் சுவருக்கு மேலாக என்னைப் பார்த்து, "வின்னி ரொம்ப வெளிறிப்போயிட்டாங்க, இல்லையா?" என்றார். தலை சாய்ந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது பதில் சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில், லேசா, கொஞ்சம் லேசா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவள் முகம் வெளுத்த துணியாக இருந்தது. செம்பட்டை முடி சாம்பலாகியிருந்தது. கோப்பையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன், விரல்களுக்கு அந்தப் பக்கம் கோப்பையில் வரைந்திருந்த நீலப்பூ தெரிந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவளே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சமே சரியில்ல என்று எழுந்து போய்த் திரைச்சீலையை மூடினாள். அவள் நடந்தால் மாடிப்படி கிறீச்சிடும் அல்லவா, அது கிறீச்சிடவில்லை. பயந்துபோனேன் மச்சான். இவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சமையலைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் ஆயிரம் முறை சலித்துக்கொண்டிருக்கிறேன், அந்தச் சத்தம் கேட்காமல் போனதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

இன்று காலை அந்த அம்மாள் மறுபடி சுவரருகே வந்தார். வின்னி என் பக்கத்திலேயே நின்றாள், அவள் கவுனின் வழியாக என் ருபார்ப் பாத்தி மங்கலாகத் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"வின்னி இருக்கிற இடமே தெரியாமப் போயிட்டாங்க, இல்லையா?"

எனக்கு வாயில் 'ஆ' வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பாதி வெளியே வந்துவிட்டது. அதை அப்படியே ஒரு இருமலாக்கி விழுங்கிவிட்டு, என் வாழ்நாளில் எந்தப் பெண்மணியிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"இல்லை. அவ இங்கதான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா. நீங்க உங்க வீட்டுக்குள்ள போங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஆடியது. மிஸஸ் பார்ஃபிட் விழுங்கப் பார்த்தார், விழுங்க ஒன்றும் இல்லை. தொண்டை மட்டும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியது. வறண்ட சத்தம் ஒன்று கேட்டது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். நான் திரும்பினேன். வின்னி முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, கழுத்திலிருந்து காதுவரை செக்கச் செவேலென்று, கோபத்தில். தனியாக இருக்கிற பெண்மணியை இப்படியா பேசுவது, நான் இனி எந்த முகத்தோடு கடைக்குப் போவேன் என்று என்னைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாடிப்படி கிறீச்சிட்டது, கதவை அறைந்து சாத்தினாள், டஃபிக்குக்கூடக் காது கேட்டது போலிருக்கிறது, மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. நான் சமையலறையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

ஆகவே மச்சான், கையெடுத்துக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரும்போது அந்த அம்மாள் எந்தப் பக்கத்திலிருந்து தலை காட்டி எதைப் பற்றி என்ன கேட்டாலும், இல்லை என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். மரியாதை கெட்டவன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். வின்னியிடம் இதைச் சொல்ல முடியாது, சொன்னால் சைரில் மாமா கேஸ் என்பாள். தாங்கள் ஒருவர்தான் எனக்குத் துணை.

தங்கள் முட்டிக்கு நல்ல சுகமும், ரோஜாக்களுக்கு அளவான மழையும், தங்களுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
பெர்சி ஓல்ட்ராய்ட்

பின்குறிப்பு: அண்ணா, இது வின்னி. இவர் உறையை ஒட்டாமல் வைத்திருந்தார், அதனால் கடைசிப் பக்கத்தின் மீதியில் நாலு வரி சேர்க்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று நான் படிக்கவில்லை, மழையைப் பற்றித்தான் இருக்கும், எதுவானாலும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்று காலை இவர் பக்கத்து வீட்டு அம்மாளிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது. மதியம் ஒரு ஸ்பாஞ்ச் கேக் செய்து எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். பாவம், காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாத மாதிரி சோர்ந்து கிடந்தார், ஆனாலும் கோபமே இல்லை. உங்க வீட்டுக்காரரு பேச்சே இல்லாமப் போயிட்டாரு இல்லையா என்று மட்டும் கேட்டார். காலையில் அந்தப் பேச்சுப் பேசிய மனுஷனைப் பற்றி இப்படிக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மறுத்தா பேச முடியும்? ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது. இங்கே வந்து பார்த்தால் இவர் சமையலறையில் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், ஒரு சத்தம் இல்லை. என் தோளைப் பிடித்து உலுக்குகிறார், இந்தக் கடிதத்தைக் காட்டிக் காட்டிக் கை ஆட்டுகிறார், கண்ணெல்லாம் தண்ணீர். சீக்கிரம் தபாலில் போடச் சொல்கிறார் போல, இதோ போடப் போகிறேன். செய்த தப்புக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மிஸஸ் பார்ஃபிட்டையும் அழைத்திருக்கிறேன். உங்களைப் பற்றி நிறைய விசாரித்தார், வயசென்ன, திடமாக இருக்கிறாரா என்றெல்லாம். அண்ணனே வருகிறார், நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நீங்களாவது நம் குடும்பத்து மரியாதையைக் காப்பாற்றுங்கள் அண்ணா, அவர் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.