அரசு சொத்தை விழுங்கியவர்

தபால் பிரிவு குமாஸ்தாவுக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். ஏழு வருஷத்துக்கு முன்னால் இலாகா நடத்திய பல் முகாமில் அதை அடைத்துவிட்டார்கள். அந்த அடைப்பு இப்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துப் போய், மனிதரின் நாக்கை ராவிக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் வலி, பேசினால் வலி, கொட்டாவி விட்டாலும் வலி. அலுவலகத்தில் கொட்டாவி விடாமல் எப்படி இருப்பது?

பல் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "பசை தேஞ்சு போச்சு. அதுல கலந்த கண்ணாடித் தூள் தேயாம துருத்திக்கிட்டு நிக்குது. மெத்துன்னு இருக்கறது தேஞ்சிடும், கரடுமுரடா இருக்கறது தலையெடுத்து நிக்கும்."

"எங்க ஆபீஸ் மாதிரியே" என்றார் குமாஸ்தா.

"இலாகாவுல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. மாத்திடலாம்."

குமாஸ்தா விண்ணப்பம் எழுதினார். 'எனது சொத்தை அடைத்த பொருள் தேய்ந்துவிட்டபடியால்' என்று ஆரம்பித்து, நான்கு இடங்களில் பணிந்து, கையெழுத்துப் போட்டார். அது தளவாட அதிகாரியிடம் போனது. நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருப்பவர் அவர்.

"யாரோட சொத்துய்யா இது?"

"சொத்து இல்லீங்க ஐயா, சொத்தை."

"நானும் சொத்தைத்தான் கேக்கறேன். அடைச்சது யாரு?"

"இலாகாங்க."

"அப்ப அரசு சொத்து. குடுத்தப்ப எப்படி இருந்துச்சு?"

"வழவழன்னு இருந்துச்சுங்க."

"தேஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

குமாஸ்தாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பதவி உயர்வு வராததற்கும் அதுதான் காரணம். "முழுங்கியிருப்பேங்க" என்றார்.

'அரசு சொத்தை விழுங்கியதாகத் தாமே ஒப்புக்கொண்டார்' என்று அதிகாரி எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் இப்படி ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவர்தான்.

விசாரணைக்கு மனைவியையும் வரச் சொன்னார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு அந்த அம்மா வந்து நின்றாள். அரசு அடைப்பை வைத்து வீட்டில் மென்றிருந்தால் அது சொந்த உபயோகம், அதாவது குற்றம்.

"வீட்ல எதை மெல்லுவாரு?"

"நாக்கு புண்ணானதுலேருந்து கஞ்சிதாங்க. தூக்கத்துலதான் பல்லை நறநறன்னு கடிக்கிறாரு."

"யாரை நெனச்சு?"

அந்த அம்மா தயங்கினாள். "உங்களத்தாங்க."

அதிகாரி முகம் மலர்ந்தார். "அப்படின்னா அது அலுவல் சார்ந்த தேய்மானம்."

ஆக, பாதிக் குற்றம் தள்ளுபடி. எவ்வளவு விழுங்கினார் என்ற மீதிப் பாதிக்குச் சொரசொரப்பை அளக்க வேண்டும். அளக்க ஒப்பீடு வேண்டும். அதே முகாமில் அடைத்த வேறு வாய் யாருடையது என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முகாமுக்கு அரை நாள் விடுப்பு கொடுத்ததால் சொத்தை இல்லாதவர்கள்கூடப் போய் அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதிகாரியின் நாக்கு தானாகவே அவருடைய கடைவாய்க்குப் போய்வந்தது. அவர் கோப்பை மூடினார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: 'அரசு சொத்தின் தேய்மானத்தைத் தவிர்க்கும் பொருட்டு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் வாயைத் திறத்தல் கூடாது.' குமாஸ்தாவின் வேலை தப்பியது. நாக்கு அறுபடுவது மட்டும் நிற்கவில்லை, அதைச் சொல்லவும் வழியில்லை.

கேட்ட கேள்விக்கு அலுவலகத்தின் எந்த ஜன்னலிலும் பதில் வருவதில்லை என்று பொதுமக்கள் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. கண்டுபிடித்ததும் கூச்சல் போட்டார்கள். அதிகாரி அசரவில்லை. கூச்சல் போடும் வாயிலும் அரசு சொத்தை வைத்துவிட்டால் போயிற்று. பொதுமக்களுக்கும் இலவசப் பல் முகாம் என்று பலகை வைத்தார். விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சீட்டுக் கொடுக்க உட்காரவைக்கப்பட்டவர் நம் குமாஸ்தா. இத்தனை வாய்களைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. சுற்றறிக்கையை மீறி, வலியைப் பொறுத்துக்கொண்டு, "வேணாங்க, பின்னாடி கஷ்டப்படுவீங்க" என்றார்.

வரிசையில் முதலில் நின்றவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"சும்மா குடுக்கறதைக் கெடுக்காதய்யா. வாயை மூடு."