அட்டை அண்ணனும் பின் சக்கரத்துச் சொட்டும்

ஈப்போவில் நிறுத்தி வைத்த எந்தக் காரும் அட்டை அண்ணனிடம் தன் வியாதியை மறைத்ததாகச் சரித்திரம் இல்லை.

லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர். எந்தக் காருக்கு அடியில் ஈரம் கண்டாலும் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து உள்ளே தள்ளிவிடுவார். சொட்டு விழுந்ததும் எடுத்து, முகர்ந்து, விரலில் தேய்த்துத் தீர்ப்பு சொல்வார். கறுப்பு என்றால் இன்ஜின், சிவப்பு என்றால் கியர், பச்சை என்றால் ரேடியேட்டர். வெறும் தண்ணீர் என்றால் ஏர்கான், பயமில்லை.

ஒருமுறை பக்கத்து வீட்டுக் காரின் டயரோரம் இருந்த ஈரத்தை மூன்று தடவை முகர்ந்துவிட்டு, “இது காடியோடது இல்ல, நாயோடது” என்றார்; காரை அவர் காடி என்றுதான் சொல்வார். கோலா கங்சாரில் ஒரு கல்யாணம். தாலி கட்டப் போகும் நேரத்தில், மாப்பிள்ளையின் கார் பச்சையாக ஒழுகுகிறது என்று மைக்கில் அறிவித்தார். மாப்பிள்ளை தாலியோடு திரும்பிப் பார்த்தார்.

போன விடுமுறையில் நானும் மனைவியும் ஆறு மாதக் குழந்தையோடு லூமுட்டுக்குக் கிளம்பினோம். அங்கிருந்து பங்கோர் தீவுக்கு பெர்ரிப் படகு. காரை எடுக்கப் போனால், அதன் பின்னால் அட்டை அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் அட்டையோடு.

ஏர்கான் தண்ணீர்தான், வழி விடுங்கள் என்றேன்.

“ஏர்கான் தண்ணி பின் சக்கரத்துக்கிட்ட ஏன் வருது? தொட்டுப் பாரு, வழுக்குது. பிரேக் எண்ணெய் லா.”

பெர்ரிக்கு நேரமாகிற எரிச்சல். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா அண்ணே?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. நாற்காலி மட்டும் நகரவில்லை. “மத்த எண்ணெய் போனா காடி நின்னுடும் தம்பி. இது போனா நிக்காது.”

அவர் சொன்னது தப்பு என்று காட்டவே உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தேன். இரண்டு மிதி தாங்கியது. மூன்றாவதில் கால் தரைவரை போய்விட்டது.

இறங்கினேன். நெடுஞ்சாலையும் லாரிகளும் பின் இருக்கையில் குழந்தையும் கண்முன் வந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலேயே மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டில் தன் மனைவி மீன் கறி வைத்திருக்கிறாள், எல்லாரும் சாப்பிட வாங்க என்றார்.

சாப்பிட்டு முடித்தபோது பெர்ரி போயிருந்தது. குழந்தை அவர் சட்டையில் எச்சில் வடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. என்ன ஒழுகுகிறது என்று அவர் முகரவில்லை; முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மேலே நம் வீட்டுக்குக் கிளம்பலாமா என்றாள் மனைவி. இன்னும் கொஞ்சம் இருப்போம் என்றேன்.