காக்காய்க்குப் போட்ட எவர்சில்வர் வலை

இந்தப் பங்குனியில் காக்காய் ஓட்டுவதில்லை. மாசியிலேயே முடிவு கட்டியிருந்தேன். உலக யுத்தமே முடிந்துவிட்டது. எனக்கும் காக்காய்க்கும் நடக்கிற யுத்தம் மட்டும் ஏன் முடியக் கூடாது?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் சென்னப்பன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு ஜோடி மாடு, ஒரு சம்சாரம். சம்சாரத்தின் பெயர் தங்கம்மாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. மாசி பிறந்தால் போதும், அந்தப் பாறை அவளுடைய ராஜ்ஜியம். ராகிக் கூழ் வடகம், மிளகாய், புளி எல்லாம் அதில்தான் காயும். காயப் போடுவது அவள். காக்காய் ஓட்டுவது நான். காலையில் கோலும் கையுமாக உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருக்கலாம். அதற்குள் நானும் பாதி வடகமாகியிருப்பேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த ஏரியூர் நஞ்சப்பன் இருக்கிறானே, அவனைத்தான் பொறுக்க முடியவில்லை.

பங்குனிக் கடைசிச் சந்தையன்று எனக்கும் அவனுக்கும் ஆடுபுலி ஆட்டம். திடல் ஓரத்துக் கல்லில் கோடு கிழித்து, அவனுக்கு மூன்று புலி, எனக்குப் பதினைந்து ஆடு. தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு கெடா கொடுக்க வேண்டும். போன வருஷம் என் ஆடுகளை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினான். என் கெடாவையும் ஓட்டிக்கொண்டு கிளம்பும்போது முந்நூறு பேர் முன்னால் சொன்னான்:

"சென்னப்பா, காக்கா ஓட்டற கைக்கு ஆடு ஓட்ட வராதுடா!"

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை. இந்த வருஷம் அவன் புலிகளை அசைய விடாமல் கட்டாவிட்டால் நான் சந்தைப் பக்கம் தலை காட்ட முடியாது. கட்ட வேண்டுமானால் பழக வேண்டும். பழக மத்தியானம் வேண்டும். என் மத்தியானமெல்லாம் பாறைமேல் அல்லவா காய்ந்துகொண்டிருந்தது!

இந்தத் தவிப்பில் இருக்கும்போதுதான் மாது வந்து சேர்ந்தான். மாது பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவன். தொப்பூர்க் கணவாயில் லாரி தள்ளாடினாலும் அவன் வாய் தள்ளாடாது. லாரியிலிருந்து இரண்டு பெரிய கம்பி வலைகளை இறக்கினான். வெயிலில் கண் கூசியது.

"என்னடா இது, கோழிக் கூண்டுக்கா?"

"கோழிக் கூண்டா! நல்லா கேட்டீங்கண்ணா. இது எவர்சில்வரு. யுத்தத்துல பட்டாளத்துக்குக் காய்கறியெல்லாம் சீவி இது மேலதான் காய வெச்சாங்க. இப்ப ஏலத்துல வுட்டுட்டாங்க. பாருங்க, பின்னல் கிடையாது. கம்பியும் கம்பியும் சேர்ற எடமெல்லாம் பத்த வெச்சிருக்குது. நெளியாது. அவுழாது. உப்பு பட்டாலும் புளி பட்டாலும் துரு ஏறாது."

"அதெல்லாம் கெடக்கட்டும். காக்கா மூக்கு நுழையுமா?"

"உங்க சுண்டு வெரலே நுழையாதுங்கண்ணா."

போதும். வீட்டிலிருந்த கொட்டை எடுத்த புளியில் அரை மூட்டையைத் தூக்கி லாரியில் போட்டேன். வலை என்னுடையது. தங்கம்மாள் அந்த நேரம் கிணற்றடியில் இருந்தாள்.

"என்னங்க இது?" என்றாள், வந்ததும் வராததுமாக.

"உனக்கு நல்ல காலம் பொறந்திருக்குது புள்ள! கீழ ஒரு வலை, மேல ஒரு வலை, நடுவுல வடகம். காத்து வரும், வெயில் வரும், காக்கா வராது."

"கூழு ஓட்டை வழியா கீழ ஒழுவாதா?"

இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அவள் அதற்குள் யோசித்து முடித்துவிட்டாள்.

"மொத நாளு துணியில ஊத்திக்கறேன். மறுநாளு உரிச்சு இதுல போட்டா அடியிலயும் காத்து ஓடும், திருப்பிப் போடற வேலை மிச்சம். புளியை நேரா பரப்பிடலாம், தூசு தும்பு கீழ கொட்டிடும். முறுக்கு சுட்டா எண்ணெய் வடியப் போடலாம். கழுவுனா ஒட்டாது. பரவாயில்லையே! ஆமா, என்ன குடுத்து வாங்குனீங்க?"

"மாது நம்ம பையன். சும்மாதான் குடுத்தான்."

"சரி சரி. அந்த அரை மூட்டைப் புளியும் சும்மாதான் நடந்து போச்சாக்கும்?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

ஆசாரி வந்து இரண்டு வலைக்கும் மரச்சட்டம் அடித்தார். வடகத்தைப் பரப்பி மூடினோம். முதல் காக்காய் வந்து உட்கார்ந்தது. ஒரு கொத்து. கம்பிதான் கிடைத்தது. இன்னொரு கொத்து. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது. கோலை வீசி எறிந்தேன். இரண்டு மத்தியானம் ஆலமரத்தடியில் ஆடு நகர்த்தினேன். ஆகா, அந்த இரண்டு நாளில் நான் ராஜா.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு முனியம்மாள் வந்தாள்.

"அக்கா, உங்க வலையை ரெண்டு நாளைக்குக் குடேன். எங்க வூட்டு வடகத்தை அணில் பூரா தின்னுது."

வலை போனால் என் வீட்டு வடகம் திறந்து கிடக்கும். திறந்து கிடந்தால் கோலை மறுபடி யார் கையில் எடுப்பது? தங்கம்மாள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இதபாரு முனியம்மா. எங்க மாட்டை ஏருக்குக் கேட்டா எப்படி அனுப்பறோம்?"

"ஆளோடதான் அனுப்புவீங்க."

"ஆங்! மாட்டுக்காரன் கூடவே போனாத்தான் மாடு நல்லபடியா திரும்பி வரும். இந்த வலையும் அப்படித்தான். பட்டாளத்துச் சாமானு. ஆளில்லாம வாசப்படி தாண்டாது."

மடக்கிவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். தங்கம்மாள் தலையை ஆட்டினாள்.

"அவரு சொல்றது நெசந்தான் முனியம்மா. வழக்கத்தை மாத்தக் கூடாது. வலையை எடுத்துக்கோ. இவரும் கூட வருவாரு."

"நானா!"

"வேற எந்த ஆளு இருக்குது நம்ம வூட்டுல?"

"நம்ம வடகம்?"

"அதுதான் நேத்தே காஞ்சு பானைக்குப் போயிடுச்சே. கெளம்புங்க."

போனேன். முனியம்மாள் வீட்டில் இரண்டு நாள். ஏருக்குப் போன ஆளுக்குக் கூழ் ஊற்றுவது போல எனக்கும் ஊற்றினார்கள். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் மேலத்தெரு. ஒரு வீட்டில் மிளகாய், ஒரு வீட்டில் புளி. மிளகாய் வீட்டில் தும்மினேன், புளி வீட்டில் பல் கூசியது. முன்பாவது என் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஊரார் பாறைமேல்! எழுந்து நடப்பேன். உட்காருவேன். மறுபடி எழுவேன். கண்ணை மூடினால் நஞ்சப்பனின் மூன்று புலியும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். சந்தைக்கு இன்னும் ஐந்து நாள். நாலு நாள். மூன்று நாள். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலை துருப்பிடித்தால்? துருப்பிடித்த கம்பியில் யார் தின்கிற பண்டத்தைக் காயப் போடுவார்கள்? துரு ஏறாது என்றான் மாது. லாரிக்காரன் பேச்சை எவன் நம்புவான்! எங்கள் வீட்டில் அருவாமனையே ஒரு நாள் புளித் தண்ணீரில் கிடந்தால் சிவந்துவிடும். மாட்டுத் தொட்டியில் புளியைக் கரைத்தேன். இரண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன். சட்டத்தைக் கழற்றி இரண்டு வலையையும் அதில் அமுக்கி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினேன். சந்தைக்கு முதல் நாள் காலை ஆசை ஆசையாக எடுத்துப் பார்த்தேன்.

அடக் கடவுளே! துருவா? இருந்த அழுக்கும் மிளகாய்க் கறையும் போய், என் முகம் அதில் தெரிந்தது. நல்ல முகமாக இல்லை.

"புளி போட்டு வெளக்கி வெச்சிட்டீங்களா!" தங்கம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு இடுப்பொடிய வேலைன்னு பாத்து நீங்களே செஞ்சிட்டீங்க. உங்களை மாதிரி ஆம்பளை இந்தத் தெருவுல உண்டா?"

பளபளப்பு தெருக்கோடி வரை தெரிந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் மணியக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அவர் வீட்டில் கல்யாணம். ஆயிரம் முறுக்கு. எண்ணெய் வடியப் போட அந்த வலைதான் வேண்டுமாம். எப்போது? நாளைக்கு. நாளைக்கு என்ன? சந்தை!

"தங்கம், உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன். நாளைக்கு ஒரு நாள் என்னை வுட்டுடு. நஞ்சப்பன் வந்து காத்துக் கெடப்பான். நான் போவலைன்னா பயந்துட்டான்னு சொல்லுவான்."

"மணியக்காரர் வூட்டைப் பகைச்சுக்க முடியுங்களா? காலையில போங்க, மத்தியானத்துக்குள்ள முறுக்கு முடிஞ்சுடும். நான் எப்படியும் மொளகா விக்கச் சந்தைக்குப் போவேன். உங்க நஞ்சப்பன்கிட்ட, வர வரைக்கும் இருய்யான்னு சொல்லி வெக்கறேன்."

நம்பினேன். வேறு என்ன செய்வது?

ஆயிரம் முறுக்கும் என் கண்ணெதிரே வெந்தன. சட்டியிலிருந்து வலைக்கு, வலையிலிருந்து கூடைக்கு. எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்தது. என் பொழுதும் அப்படியே வடிந்தது. எண்ணூறு. எண்ணூற்றைம்பது. "இன்னும் ஒரு ஈடு" என்றார்கள். அந்த ஒரு ஈடு ஏழு தடவை வந்தது. கடைசி முறுக்கு எழுந்ததும் வலைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். எண்ணெய் முதுகில் வழிந்தது. நாய்கள் கூடவே ஓடி வந்தன.

திடலில் ஒரே கூட்டம். கல்லைச் சுற்றி நாலு வரிசை. நஞ்சப்பன் வேறு யாரையோ பிடித்து ஆடுகிறான் போல. தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். நஞ்சப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கல்லையே முறைத்துக்கொண்டிருந்தான். மூன்று புலியும் அசைய வழியில்லாமல் நின்றன. எதிரே, மிளகாய்க் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் என் சம்சாரம்.

"வாங்க," என்றாள். "ரெண்டே ஆடுதாங்க வெட்டுப்பட்டுது."

"நீயா? நீ எப்படி?"

"வருவாருன்னு சொன்னா, காக்கா ஓட்டி பயந்து ஓடிட்டான்னு இந்த ஆளு சிரிக்கறாருங்க. எம் புருஷனை நான் சொல்லலாம், ஏரியூரான் சொல்றதா? ஒக்காந்துட்டேன். கல்யாணத்துக்கு முந்தி மாடு மேச்சப்ப நான் ஆடாத ஆட்டமா இது?"

நஞ்சப்பன் எழுந்து கெடாவை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். முந்நூறு பேரும் கூவினார்கள். எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வலைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வழியில் மெல்லக் கேட்டேன். "அந்த மூணாவது புலியை எப்படிப் புள்ள கட்டுனே? எனக்குச் சொல்லிக் குடேன்."

"அதுக்கென்னங்க. தெனமும் மத்தியானம் ரெண்டு பேரும் ஆடலாம்."

"நெசமாவா! வலை கேட்டு யாராச்சும் வந்தா?"

"வலை போவட்டும். நீங்க போவ வேண்டாம். ஆனா பந்தயம் இல்லாம ஆடுனா எனக்கு ஆட்டம் ஓடாதுங்க. கெடாவெல்லாம் வேணாம். தோத்தவங்க ஒரு கூடை புளிக்குக் கொட்டை எடுக்கணும். அவ்வளவுதான்."

ஒரே ஒரு கூடை! இதுகூட முடியாதா? நான் ஆம்பிளை. நடுரோட்டில் கையடித்து ஒப்புக்கொண்டேன்.

சித்திரை பாதி ஆகிறது. எங்கள் வீட்டுப் புளி முடிந்து, நேற்றிலிருந்து முனியம்மாள் வீட்டுப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.