இத்தாலி ஞாயிற்றுக்கிழமைக் கறி

பொய் சொல்வதென்றால் தலையை மட்டும் ஆட்டவேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. உதவி நூலகர் திறந்துவிட்டார்.

"சமைச்சுப் பாத்தீங்களா?" என்றுதான் தலைமை நூலகர் கேட்டார்.

"பாத்தேன் சார். பிரமாதம்."

மேஜைமேல் மூன்று புத்தகங்கள் கிடந்தன. மூன்றும் இத்தாலிச் சமையல். பதிப்பகங்கள் பார்வைக்கு அனுப்பிய மாதிரிப் பிரதிகள். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு ஏற்ற நல்ல இத்தாலிச் சமையல் புத்தகம் ஒன்று வேண்டுமென்று வாசகர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்ததால், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே புத்தகமாக வாங்கிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. எதை வாங்குவது என்கிற தலைவலி உதவி நூலகருக்கு வந்து சேர்ந்தது.

அவர் தேர்ந்தெடுத்த விதம் எளிமையானது. முதல் புத்தகம் தலையணை கனம். சலவைக்கல் மேஜையும் மாவு இழுக்கும் யந்திரமும் வைத்திருப்பவர்கள்தான் இரண்டாம் பக்கத்துக்கே போக முடியும். அடுத்ததை எழுதியவர் ஒரு டாக்டர். உப்பு, எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மிச்சமிருந்ததை இத்தாலி என்று சொல்லியிருந்தார். கடைசிப் புத்தகம் ஒரு குடும்பத் தலைவி எழுதியது. படம் குறைவு, பேச்சு அதிகம். 'என் அம்மா செய்தபடி சொல்லியிருக்கிறேன். உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுவதென்றால் வேறு புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று முன்னுரையிலேயே மிரட்டியிருந்தார். இவ்வளவு தைரியமாகப் பேசுகிறவர் தப்பாகச் சமைக்க மாட்டார் என்று உதவி நூலகர் அதையே பரிந்துரைத்துவிட்டார். அடுப்புப் பக்கம் போகவில்லை.

"எதைச் செஞ்சு பாத்தீங்க?"

உதவி நூலகர் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தார். "ஞாயிற்றுக்கிழமைக் கறி சார்."

தலைமை நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் இத்தாலிக்காரர். எந்தக் காலத்திலோ பயிற்சிக்காக அந்த நாட்டுக்குப் போய்விட்டு வந்தவர். அன்று முதல் குடை தொலைந்தாலும், நாற்காலிக் கால் உடைந்தாலும், 'நான் இத்தாலில இருந்தப்போ' என்றுதான் ஆரம்பிப்பார்.

"அதைச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். "வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு கூடுது. செஞ்சு எடுத்துட்டு வாங்க. எல்லாரும் ருசி பாக்கட்டும். உங்க வேலையை நிரந்தரம் பண்ற விஷயமும் அன்னைக்குத்தான் வருது."

உதவி நூலகர் நாலு வருடமாகத் தற்காலிகம். அவர் வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ், மனைவியின் புதுத் தையல் மெஷின், பல்வலிக்கு வைத்தியம் என எல்லாமே அந்த 'நிரந்தரம்' என்கிற சொல்லுக்காகக் காத்திருந்தன.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் இத்தாலிக்காரர். "புத்தகத்துல சொன்னபடியே செய்யணும். உங்க கைவரிசையக் காட்டினீங்கன்னா அது புத்தகத்துக்கு வெக்கிற பரீட்சை இல்ல. ஒரு சிட்டிகை மாறினாலும் என் நாக்கு சொல்லிடும். பொய் சொல்ற ஆளுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுநாள் விடுமுறை. மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், சமையலறை அந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி மட்டும் சொன்னாள். அவள் தம்பி, டாக்ஸி ஓட்டுகிறவன், வேடிக்கை பார்க்கவென்றே சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆச்சரியம் என்னவென்றால், கறி நன்றாக வந்தது. வெங்காயமும் காரட்டும் வதங்கின. கொத்துக்கறி நிறம் மாறியது. தக்காளி கரைந்து, சிறு தீயில் கொதித்துக் கொதித்து, மதியத்துக்குள் மாடி முழுக்க மணம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் எதையோ இரவல் கேட்கிற சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மனைவியே எழுந்து வந்து மூடியைத் திறந்தாள்.

"பரவால்லியே. இத்தனை நாளா இந்தத் திறமைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

உதவி நூலகர் பெருமையாகப் பக்கத்தைப் புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா, இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று தட்டோடு வந்தான் மச்சான்.

உதவி நூலகர் சத்தமாக வாசித்தார். 'நீளமான இனிப்பு பிஸ்கட்டுகளை ஆறிய கடுங்காப்பியில் நனைத்துத் தட்டில் அடுக்கவும். அதன்மேல் கலவையைப் பரப்பவும். சர்க்கரை சேர்த்து நுரைக்க அடித்த க்ரீமை அதற்கும் மேல் ஊற்றி, கோகோ தூவி, ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரப் பரிமாறவும்.'

மச்சான் தட்டைக் கீழே வைத்தான். கறி மட்டும் கொதித்தது.

"ரெண்டு பக்கத்தைச் சேத்துப் புரட்டிட்டீங்க" என்றாள் மனைவி.

அந்தச் சந்தேகத்துக்கெல்லாம் இடம் கொடுக்கிற ஆள் இல்லை அவர். காகிதத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பக்க எண்ணைப் பார்த்தார், அடுத்தடுத்த எண்கள்தான். பக்கங்களைக் கட்டிய தையலை விரித்துப் பார்த்தார், ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை. புத்தகத்தின் உடம்பில் எந்த நோய் இருந்தாலும் அவர் கை கண்டுபிடித்துவிடும். உள்ளே இருப்பது எழுதினவர் பாடு என்று விட்டுவிடுவதுதான் அவர் தொழில் வழக்கம்.

மச்சான் போனை எடுத்துத் தேடினான். அங்கே கறிக்குள் பால் ஊற்றுவது சரியா தவறா என்று ஊர்பேர் தெரியாத நூறு பேர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் அம்மா செய்ததுதான் அசல் என்று சத்தியம் செய்திருந்தார்.

"வீட்டுக்கு வீடு ஒரு மாதிரி செய்வாங்களாம் மாமா. கறில பாலே ஊத்தறவன் காப்பி ஊத்த மாட்டானா?"

"காப்பிய விட்டுட்டு மத்ததைச் செய்யுங்களேன்" என்றாள் மனைவி.

"விட்டா அவர் நாக்கு சொல்லிடுமாம்."

"அப்ப ஊத்துங்க. போறது உங்க வேலை."

ஊற்றினார். அடுக்கினார். பரப்பினார். தூவினார். நல்ல கறியை உயிரோடு புதைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி மறுபடி மெஷினுக்கே போய்விட்டாள். குளிர்ந்தபின் முதல் ஸ்பூனை மச்சான் வாயில் போட்டுக்கொண்டான். வெகுநேரம் மென்றான்.

"முதல்ல இனிக்குது. அப்புறம் கசக்குது. கடைசில கறி வந்து மன்னிப்புக் கேக்குது."

திங்கட்கிழமையே உதவி நூலகர் தப்பிக்க வழி தேடினார். டாக்டர் எழுதிய புத்தகம்கூட நல்ல புத்தகம்தான் என்று மெல்ல ஆரம்பித்துப் பார்த்தார். இத்தாலிக்காரர் அதற்குள் கிளை நூலகங்களுக்கெல்லாம் போன் போட்டு, நம்ம ஆள் ஒருத்தர் கறியே சமைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பெருமையடித்து முடித்திருந்தார்.

புதன்கிழமை வேறு வழியில்லாமல், கடையில் நல்ல கறி கிடைக்கவில்லை என்றார்.

"அவ்வளவுதானே" என்றார் இத்தாலிக்காரர். மாலையில் அவரே கறிக்கடைக்குப் போய்ப் பெரிய பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்து கையில் திணித்தார். இவ்வளவு இருக்கும்போது தேர்வுக்குழு மட்டும் சாப்பிட்டால் நன்றாக இருக்காது என்று ஊழியர்கள் எல்லோருக்கும் அழைப்பும் வைத்துவிட்டார். குழுவில் மூன்று பேர் சாப்பிட்டு முகம் சுளித்திருக்க வேண்டிய விஷயம், இப்போது கட்டடமே சேர்ந்து சுளிக்கிற விஷயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். தட்டு நிறைய அந்தக் காப்பிக் கறி. கூடவே ஒரு பெரிய டிபன் பாக்ஸில், காப்பியும் க்ரீமும் படாத வெறும் கறி, வேகவைத்த நூடுல்ஸோடு.

"முதல்ல இதைக் குடுங்க. வயிறு நிறைஞ்சா வாய் நல்லதாத்தான் பேசும். அப்புறம் அந்தக் கண்ராவிய யாரும் கேக்க மாட்டாங்க."

மதியம் கூட்ட அறையில் எல்லோரும் ஸ்பூனோடு காத்திருந்தார்கள். தேர்வுக்குழுத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சாப்பிடுவதற்குக் கண்ணாடி எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கணக்கர் காலையிலிருந்து பட்டினி என்று ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

உதவி நூலகர் டிபன் பாக்ஸைத் திறந்தார். மணம் கிளம்பியது. கணக்கர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இத்தாலிக்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, உடனே டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினார்.

"சாப்பிட நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தாலி இல்ல. இதுல உங்க கைவரிசை தெரியுது."

"சார், அது வந்து..."

"புத்தகத்துல இப்படியா இருக்கு?"

இதற்குமேல் ஒரு பொய் சொல்ல உதவி நூலகரிடம் தெம்பு இல்லை. இல்லை என்று தலையாட்டினார். பெரிய தட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். நாலு வருடத் தற்காலிகம் கண்ணெதிரே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். கீழே நனைந்த பிஸ்கட், நடுவில் கறி, மேலே வெள்ளையாக க்ரீம், அதன்மேல் பழுப்பாகக் கோகோ. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது... இனிப்பா, காரமா?" என்று கேட்டார் கணக்கர்.

"ரெண்டும்" என்றார் உதவி நூலகர் தரையைப் பார்த்தபடி. "புத்தகத்துல இப்படித்தான் இருக்கு."

இத்தாலிக்காரர் முகத்தில் என்னவோ வந்து போனது. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். புரட்டி அடுத்ததையும் படித்தார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தார். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு ஸ்பூன் எடுத்தார்.

மென்றார். அவர் முகத்தைப் பார்த்துத் தங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குக் காத்திருந்தார்கள்.

விழுங்கினார். கண்ணை மூடினார்.

"இதுதான்" என்றார். "அங்க நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா கை ருசி அப்படியே இருக்கு. கோகோ மட்டும் கொஞ்சம் தூக்கல். மத்தபடி அப்பட்டமா அதே."

உதவி நூலகருக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. அதற்குள் தலைமையாசிரியை ஒரு வாய் சாப்பிட்டு, பழகாத நாக்குக்கு இது புரியாது, புரிந்த நாக்கு விடாது என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கர் இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டு, காப்பியும் கறியும் இப்படிச் சேரும் என்று தான் எப்போதோ சந்தேகப்பட்டதாகச் சொன்னார். நூல் பட்டியல் பிரிவில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டதாக விளக்கினார். ஓரமாகத் தள்ளப்பட்ட டிபன் பாக்ஸை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் ரசனையில்லாதவர் என்று ஆகிவிடுமே.

உதவி நூலகரே ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார். இத்தனை படித்தவர்கள் சொன்ன பிறகு சாப்பிடும்போது அவ்வளவு மோசமாக இல்லை. காப்பிக்கும் கறிக்கும் இடையே ஏதோ ஓர் உறவு இருப்பது போலக்கூடத் தோன்றியது.

"இப்படி ஒரு வார்த்தை மாறாம புத்தகத்துக்கு உண்மையா இருக்கிற ஆள்தான் நமக்கு வேணும்" என்றார் இத்தாலிக்காரர். எல்லாக் கிளைக்கும் இந்தப் புத்தகம்தான் என்று அறிவித்தார். இவர் வேலை இன்று முதல் நிரந்தரம் என்றார். தலைமையாசிரியை கைதட்ட, மற்றவர்கள் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுக் கைதட்டினார்கள். உதவி நூலகர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. மனைவிக்குப் போன் போட வெளியே போகக் கதவைத் திறந்தார்.

கதவுக்கு வெளியே பதிப்பகத்து விற்பனைப் பிரதிநிதி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். கையில் அதே சமையல் புத்தகம், புத்தம்புதிதாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உள்ளே இத்தனை பேர் ஸ்பூனும் கையுமாக இருப்பதைப் பார்த்ததும் கும்பிடு போட்டுச் சிரித்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். உங்களுக்கு அனுப்பின புத்தகத்துல மட்டும் பக்க நம்பரெல்லாம் சரியா விழுந்து, உள்ள கறில பாதியும் கேக்குல பாதியும் ஒட்டிக்கிச்சு, அதான் மாத்திக் குடுக்க ஓடி வந்தேன். நல்லவேளை, லைப்ரரில யாரு இதையெல்லாம் சமைச்சுப் பாக்கப் போறாங்க?"