என் அறையில் நான் இல்லை என்று நிரூபிப்பது எப்படி

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

வணக்கம். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதம் என்பதால் ஆடிட்டரான நீங்கள் சௌக்கியமாக இருக்க வாய்ப்பில்லை. அத்தையாவது நன்றாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அங்கே அப்பா அம்மாவும் நலம். இந்த 'இங்கே', 'அங்கே' இரண்டையும் எழுதும்போதே கை தயங்குகிறது. எது இங்கே, எது அங்கே என்பதைத்தானே நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் நீங்கள் போனில் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நான் எல்லை தாண்டி வேலைக்கு வந்தவள், ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ரயிலேறி வீட்டுக்கு ஓடிவிடுகிறவள். அதனால் இந்த நாடும் என்னைத் தன் ஆள் என்கிறது, நம் நாடும் விட மாட்டேன் என்கிறது. பள்ளியில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை எந்தப் பக்கமும் கூப்பிடாத ஒருத்திக்காக இன்று இரண்டு அரசாங்கங்கள் இழுபறி நடத்துகின்றன. இரண்டுக்கும் வரி கட்டினால் இங்கே குடியிருக்க முடியாது, வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தப்பிக்க நீங்கள் சொன்ன வழி, எனக்கு நிலையான வீடு இங்கே மட்டும்தான், பெற்றோர் வீட்டில் எனக்கென்று ஓர் அறை காத்திருக்கவில்லை என்று காட்டுவது. "ரொம்ப சிம்பிள்மா. அந்த ரூம வாடகைக்கு விட்டுடச் சொல்லு, வேலை முடிஞ்சுது" என்றீர்கள். மாமா, நீங்கள் என் அம்மாவோடு கூடப் பிறந்தவர். அதை எப்படி சிம்பிள் என்றீர்கள்?

அந்த அறையில் நிலையானது என்று சொல்லும்படி எதுவுமே இல்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். மின்விசிறி கொஞ்சம் வேகமெடுத்தால் தலையாட்டும். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். வயரிங் செய்தவர் யார்மேல் கோபத்தில் இருந்தாரோ, விளக்கின் சுவிட்சை அறைக்கு வெளியே கூடத்தில் வைத்துவிட்டார். நான் உள்ளே படித்துக்கொண்டிருப்பேன். அப்பா படுக்கப் போகிற வழியில் கைக்கு எட்டிய சுவிட்சையெல்லாம் அணைத்துக்கொண்டே போவார். "அப்பா, ஆள் இருக்கேன்!" என்று கத்துவேன். "இருக்கியா? சரி சரி" என்று மறுபடி போடுவார். எத்தனையோ நாவல்களில் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் எனக்கு மட்டும் ஒரு கிரகணம் வந்துபோயிருக்கிறது. இங்கே என் வாடகை அறையில் சுவிட்ச் தலைமாட்டிலேயே இருக்கிறது. கதவு விரல் பட்டால் சாத்திக்கொள்கிறது. எல்லா வசதியும் உண்டு. நான் இருக்கிறேனா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

வேலையில் குறையில்லை. பாட்டில் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் கண்ணாடி பாட்டில்களைச் சூடாக்கி, குளிர வைத்து, அழுத்தி, எது எப்போது உடைகிறது என்று பார்க்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது, "இதுக்கு எதுக்கு வெளிநாடு? இங்க சம்பளம் இல்லாமயே உடைச்சுக்கிட்டிருந்தியே" என்றார். ஆனால் எனக்கு இந்த வேலை பிடிக்கும், மாமா. அதனால்தான் வாடகைக்கு ஆள் தேடவும் ஒப்புக்கொண்டேன்.

வந்தவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அது சனிக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் அறையைச் சுற்றிக் காட்டினார்.

"நல்ல காத்து வரும்மா. இந்த அலமாரி மட்டும் என் பொண்ணோடது, திறக்க வேணாம். மேசையும் அவளோடதுதான். கட்டிலயும் நகர்த்தாதீங்க, ஜன்னல் பக்கம் தலை வச்சாதான் அவளுக்குத் தூக்கம் வரும்."

"அப்ப நான் எங்க சார் படுக்கறது?"

"அட, மத்த இடமெல்லாம் உங்களுதுதான்."

மற்ற இடம் என்பது, கதவைத் திறந்தால் கதவு வந்து நிற்கும் இடம். அம்மா சமையலறையிலிருந்தே தன் பங்கைச் சேர்த்தாள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேற எங்கயாவது போயிடும்மா. ஞாயித்துக்கிழமை தாராளமா வந்துரலாம்."

அந்தப் பெண் மெல்ல என் பக்கம் திரும்பினாள். "இவங்க யாரு?"

"இவதான் பொண்ணு. இங்க இல்ல" என்றார் அப்பா.

அவள் டீயைக் குடித்துவிட்டு, பல் வலி வந்தால் அவசியம் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சரி, எனக்கு அங்கே அறை இல்லை என்று ஒரு வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்று நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டீர்கள். அவள் சொன்னது உங்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். "டேய், பொண்ணுக்கு இந்த வீட்ல இடமில்லன்னு என் கையால எழுதச் சொல்றியா? படிக்கறவன் நாங்க அவளத் துரத்திட்டோம்னு நினைக்க மாட்டான்?" "அக்கா, வரி ஆபீஸ்காரங்களைத் தவிர அத யாரும் படிக்க மாட்டாங்க." "ஏன், அவங்கல்லாம் பெத்தவங்க இல்லையா?" அதற்கு மேல் உங்களிடம் சட்டப்பிரிவு ஏதும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய கேள்விதான் என்னை ஒரு வாரமாகப் படுத்துகிறது: உன் வாழ்க்கையின் மையம் எந்த நாட்டில் இருக்கிறது? இதற்கு விடை தேடி நான் வாங்கிய புத்தகங்களால் அந்த அலமாரியின் பலகையே வளைந்துவிட்டது. உங்கள் படிவத்தில் ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள். ரயில் எல்லைப் பாலத்தில் ஏறியதும் என் போனில் ஒரு நாட்டின் சிக்னல் போய்விடும். பாலம் இறங்கினால்தான் அடுத்தது வரும். நடுவில் யாரும் என்னைக் கூப்பிட முடியாது, கீழே தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மையம் என்று அதைப் போடலாமா? அங்கே வரி விகிதம் என்ன?

விளையாட்டு போதும். நன்றாக யோசித்துவிட்டேன். பெற்றோர் வீட்டில் எனக்கென்று அறை இல்லை, வந்தால் விருந்தாளியாகத்தான் வருகிறேன் என்று எழுதிவிடுங்கள். நேற்று அப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "என் சாமானெல்லாம் அந்த ரூம்லேருந்து எடுத்துடுங்கப்பா. நீங்களும் அம்மாவும் அதை எடுத்துக்கோங்க. நான் வந்தா கூடத்துல படுத்துக்கறேன்." அப்பா "சரிம்மா" என்றார். ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். இன்று காலை சோதனை தொடங்கும் முன்பே மூன்று பாட்டில்களைக் கை தவறிப் போட்டு உடைத்தேன்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எந்த நாட்டு முகவரிக்கு வந்தாலும் பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை அப்படியே நிறுத்தி வையுங்கள். உறையை ஒட்டப் போகும்போது அம்மா கூப்பிட்டாள். அப்பா ஆள் வைத்து என் அறையைக் காலி செய்துவிட்டாராம். இன்றிலிருந்து அவர்கள் இருவரும் அதில்தான் படுக்கப் போகிறார்களாம். "அப்ப என் கட்டில், அலமாரி, புஸ்தகமெல்லாம் எங்கம்மா?" என்றேன். "எங்க ரூம்லதான். அது பெரிய ரூம், பால்கனி வேற இருக்கு, உனக்கு உக்காந்து படிக்க வசதி. சின்ன ரூம் உன்னோடது இல்லன்னு உன் மாமாவ தாராளமா எழுதிக்கச் சொல்லு, இப்ப அது பொய்யில்ல பாரு. சரி, வெள்ளிக்கிழமை வர்றேல்ல?"